எழுத்தாளர் என்ற பெயரை யார் கொடுப்பது?

பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் நடைபெறும் ஒரு நூல் வெளியீட்டு விழாவின் அழைப்பிதழை எடுத்துப் பாருங்கள். தலைமை, சிறப்புரை, வாழ்த்துரை, முதல் நூல் பெறுபவர் என்று வரிசையாகப் பெயர்கள் இருக்கும். ஏறக்குறைய ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஓர் அடைமொழி. டத்தோ, டாக்டர், வழக்கறிஞர், தலைமையாசிரியர்... அந்த வரிசையில் ஓரிடத்தில் 'எழுத்தாளர்' என்ற சொல்லும் வந்து உட்கார்ந்திருக்கும்.

டத்தோ விருதை அரண்மனை தருகிறது. டாக்டர் பட்டத்தைப் பல்கலைக்கழகம் தருகிறது. வழக்கறிஞர் என்று சொல்லிக்கொள்ள நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். எழுத்தாளர் என்ற பெயரை மட்டும் யார் தருகிறார்கள்?

ஒரு கதை எழுதினால் போதுமா? அது அச்சேற வேண்டுமா? பரிசு பெற வேண்டுமா? சங்கத்தில் உறுப்பினராக வேண்டுமா? அல்லது, "நான் எழுத்தாளன்" என்று ஒருவர் சொன்னாலே அவர் எழுத்தாளர்தானா? இந்தக் கேள்விக்கு இந்த நாட்டுத் தமிழர்கள் கடந்த நூறு ஆண்டுகளில் ஒரே பதிலைச் சொல்லவில்லை. காலத்துக்கு ஒரு பதில் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பதில்களைத் தொடர்ந்து போனால் மலேசியத் தமிழ் எழுத்தின் வரலாறே நம் கண்முன் விரிகிறது.

தன்னைத் தானே சொல்லலாமா?

பழைய தமிழ் மரபு இதில் கறாரானது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல், ஒரு நூலின் முகப்பில் வரும் சிறப்புப் பாயிரம் என்னென்ன சொல்ல வேண்டும் என்று எட்டுச் செய்திகளைப் பட்டியலிடுகிறது. ஆக்கியவர் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூலின் பெயர், அதன் அமைப்பு, சொல்லும் பொருள், கேட்பதற்கு உரியவர், படிப்பதால் வரும் பயன். இவற்றோடு காலம், களம், காரணம் என்ற மூன்றையும் சேர்த்துச் சொல்வோர் உண்டு என்றும் அது குறிப்பிடுகிறது.

பட்டியலில் முதலில் நிற்பது ஆக்கியவர் பெயர். ஆனால் அந்தப் பாயிரத்தை ஆக்கியவரே எழுதிவிட முடியாது! அவருடைய ஆசிரியர், உடன் படித்தவர், மாணவர், நூலுக்குத் தகுந்த உரைகாரர் ஆகியோரில் ஒருவர்தான் எழுத வேண்டும். எவ்வளவு பெரிய நூலைச் செய்திருந்தாலும் தன்னைத் தானே புகழ்ந்துகொள்வது தகாது என்பது அந்த இலக்கணத்தின் முடிவு.

ஆனால் நன்னூல் நான்கு விதிவிலக்குகளையும் வைத்திருக்கிறது. அரசவைக்கு ஓலை எழுதும்போது, தன் ஆற்றலை அறியாதவர்கள் நடுவே நிற்கும்போது, அவையில் வாதிட்டு வெல்ல வேண்டியிருக்கும்போது, எதிராளி தன்னைப் பழிக்கும்போது. இந்த நான்கு இடங்களிலும் புலவன் தன் பெருமையைத் தானே எடுத்துச் சொல்லலாம். இரண்டாவது விதிவிலக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மலேசியத் தமிழ் எழுத்தாளரின் கதைக்கு அது மிகவும் வேண்டியதாக இருக்கும்.

பெயர் இல்லாமல் பாடியவர்கள்

மலாயாவுக்குக் கப்பலேறி வந்த தொழிலாளர்களில் பலர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். ஆனால் அவர்களிடம் பாட்டு இருந்தது. பால்மரக் காட்டிலும் லயன் வீட்டு வாசலிலும், பிள்ளையைத் தாலாட்டும்போதும், இறந்தவரைக் கிடத்திய வீட்டிலும் பாடினார்கள். கங்காணியின் கொடுமை, கடல் கடந்து வந்த ஏக்கம், கள்ளுக்கடையில் கரைந்த சம்பளம் எல்லாம் அந்தப் பாட்டுகளில் இருந்தன. பிற்காலத்தில் ஆய்வாளர்கள் அவற்றைத் தொகுத்தபோது பாடியவர்கள் கிடைத்தார்கள். பாட்டைக் கட்டியவர் யார் என்பதுதான் கிடைக்கவில்லை. இந்த மண்ணின் முதல் தமிழ்ப் படைப்பாளிகளுக்குப் பெயரே கிடையாது.

சங்க காலத்திலும் இப்படி நடந்திருக்கிறது. பாட்டு மட்டும் நின்று பெயர் தொலைந்துபோன புலவருக்கு, அவருடைய பாட்டில் வந்த சொற்றொடரையே பெயராக வைத்தார்கள். செம்புலப் பெயல்நீரார் அப்படிப் பெயர் பெற்றவர்தான். தோட்டத்துப் பாட்டைக் கட்டிய பெண்களுக்கு அப்படி ஒரு பெயர் சூட்டவும் அன்று யாரும் இல்லை.

அச்சு வந்த பிறகுதான் பெயரும் வந்தது. சிங்கப்பூரில் 1887-இல் சதாசிவ பண்டிதரின் கவிதை நூல்கள் வெளியாயின. 1917-இல் க. வெங்கடரத்தினம் எழுதிய 'கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி' வந்தது. மலேசியாவின் முதல் தமிழ் நாவலாக அறியப்படுவது இதுதான். 1930-இல் வெளிவந்த வே. சின்னையாவின் 'நவரச கதா மஞ்சரி' இங்குள்ள முதல் சிறுகதைத் தொகுப்பாகக் குறிக்கப்படுகிறது. நூலின் அட்டையில் பெயர் ஏறியவரை வரலாறு பிடித்து வைத்துக்கொண்டது.

பழைய நாளிதழ்களில் அன்று வந்த கதைகளுக்கு இந்த அதிர்ஷ்டம் இல்லை. பல கதைகள் புனைபெயரில் வந்தன, சில பெயரே இல்லாமல் வந்தன. பால பாஸ்கரன் போன்ற ஆய்வாளர்கள் பழைய இதழ்க்கட்டுகளைப் புரட்டித்தான் அந்தக் கதைகளை மீட்க வேண்டியிருந்தது.

பேனாவுக்குக் கிடைத்த தண்டனை

1924-இல் கோலாலம்பூரில் நரசிம்ம ஐயங்கார் 'தமிழ் நேசன்' இதழைத் தொடங்கினார். 1935-இல் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி 'தமிழ் முரசு' இதழைத் தொடங்கினார். தோட்டத்தில் ஒருவர் வாங்க, பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து ஒருவர் வாசிக்கக் கேட்ட காலம் அது. எழுதுபவருக்கு முதன்முறையாக ஒரு பெரிய கூட்டம் கிடைத்தது. அதோடு, எழுதியதற்குப் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பும் வந்தது.

கிள்ளான் அதற்குச் சாட்சி. தமிழ் நேசனில் பணியாற்றிய ஆர். எச். நாதன், கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் வழியாகத் தோட்டத் தொழிலாளர்களை ஒன்றுதிரட்டினார். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் வெடித்தது. சீனத் தொழிலாளருக்கு ஈடான கூலி வேண்டும், தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும், பிள்ளைகளுக்குப் படிப்பு வேண்டும் என்றார்கள். வெள்ளைக்கார நிர்வாகி எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றும் கேட்டார்கள். எப்படிப்பட்ட கோரிக்கை பாருங்கள்! கூலியோடு மானத்தையும் சேர்த்துக் கேட்ட போராட்டம் அது.

1941 மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டார். பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். படை வரவழைக்கப்பட்டுத் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். நாதனின் பெயரை இலக்கிய வரலாற்று நூல்களில் தேடினால் கிடைப்பது அரிது. அவர் கதாசிரியர் அல்லர், கவிஞரும் அல்லர். ஆனால் நாளிதழில் பணியாற்றிய ஒருவரின் சொல், தோட்டத்து மனிதரை நிமிர்ந்து நிற்க வைக்கும் என்பதைக் காலனி ஆட்சி நன்றாகப் புரிந்துகொண்டிருந்தது. பாயிரம் எழுத ஆள் இல்லாத அந்த எழுத்துக்காரருக்கு, நாடு கடத்தல் உத்தரவே பாயிரம் ஆயிற்று.

நாளிதழ் வைத்த தேர்வு

போர் முடிந்தது. ஜப்பானியர் ஆட்சி போய், அவசரகாலம் வந்தது. அந்த நெருக்கடியான நாட்களில்தான் மலாயாத் தமிழ் எழுத்தில் ஒரு புதுமை நடந்தது. 1950-இல் தமிழ் நேசன் 'கதை வகுப்பு' ஒன்றை ஆரம்பித்தது. சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் அதை நடத்தினார்கள். சிறுகதை என்றால் என்ன, எப்படித் தொடங்குவது, எங்கே நிறுத்துவது என்று நாளிதழிலேயே பாடம். பயிற்சிகள் உண்டு. எழுதி அனுப்பியவர்களின் கதைகளைத் திருத்தித் தரம் பிரித்தார்கள்.

இன்று சிலருக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். எழுத்தை வகுப்பு வைத்துச் சொல்லிக் கொடுக்க முடியுமா? எழுத்தாளருக்கு மதிப்பெண் போட முடியுமா? ஆனால் அன்றைய நிலையை எண்ணிப் பாருங்கள். எழுத வந்தவர்கள் தோட்டப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு வரை படித்தவர்கள், கிராணிகள், ஆசிரியர்கள், சிறு கடைக்காரர்கள். அவர்களுக்கு இலக்கியத்தில் குருவும் இல்லை, உடன் கற்றவரும் இல்லை. நன்னூல் சொன்ன தன்னாசிரியனின் இடத்தில் நாளிதழ் வந்து உட்கார்ந்தது.

சுதந்திரத்துக்குப் பின் இந்நாட்டில் பெயர் பெற்ற முதல் தலைமுறை எழுத்தாளர்கள் பலருக்கு அந்த வகுப்போ, தமிழ் முரசின் மாணவர் மணிமன்றமோ தொடக்கப் பள்ளியாக இருந்தது. 1950-களின் தொடக்கத்தில் புதுமைப்பித்தன் மேதையா என்ற கேள்வியை வைத்து மலாயா, சிங்கப்பூர் இதழ்களில் பெரிய விவாதமே நடந்தது. எழுத்தாளரை எதைக் கொண்டு அளப்பது என்பதை இங்குள்ள வாசகர்களும் அன்றே வாதாடிப் பார்த்துவிட்டார்கள்.

1952-இல் தமிழகத்திலிருந்து கு. அழகிரிசாமி தமிழ் நேசனுக்கு ஆசிரியராக வந்தார். 1957 வரை கோலாலம்பூரில் இருந்தார். எழுத விரும்பியவர்களை இலக்கிய வட்டமாகக் கூட்டி, கதைகளைப் படித்து அலசும் பழக்கத்தை உண்டாக்கினார். பத்திரிகையில் பெயர் வந்தாலே எழுத்தாளர் என்று எண்ணியிருந்தவர்களுக்கு, சக எழுத்தாளரின் முன்னால் கதையை வைத்து விமர்சனம் கேட்பது புது அனுபவம். புகழ் சேர்க்க அல்ல, கதையைத் திருத்திக்கொள்ள அவர்கள் கூடினார்கள்.

சங்கமும் பவுனும்

1960-களின் தொடக்கத்தில் தமிழ் எழுத்தாளர் சங்கம் உருவானது. தமிழ் நேசன் ஆசிரியராக இருந்த முருகு சுப்பிரமணியன் அதன் தொடக்ககாலத் தலைவர். எழுத்தாளர் என்பது இனி தனி ஒருவரின் விருப்பம் மட்டும் அல்ல, ஓர் அமைப்பின் உறுப்பினர் என்ற அடையாளமும் ஆயிற்று.

1970-களில் தமிழ் நேசன் சிறந்த கதைகளுக்குத் தங்கப் பவுனைப் பரிசாகக் கொடுத்தது. பவுன் பரிசு வாங்கியவர் என்றால் அந்த வட்டாரத்தில் அதற்குத் தனி மரியாதை. பின்னர் ஆதி. குமணன் ஆசிரியராக இருந்து 1977-இல் வெளிவந்த 'வானம்பாடி' வார இதழ் புதுக்கவிதைக்காரர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது. மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை ஆண்டுதோறும் சிறுகதைப் போட்டி நடத்தி, தேர்ந்த கதைகளை 'பேரவைக் கதைகள்' என்று நூலாக்கியது. தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கமும் இலக்கியப் போட்டிகளை நடத்தியது. 1960-இல் துன் சம்பந்தன் முயற்சியில், தோட்டங்கள் துண்டாடப்பட்ட நேரத்தில், தொழிலாளர்கள் போட்ட பணத்தில் உருவான சங்கம் அது. தோட்டத்தைக் காக்கப் பிறந்த அமைப்பே தோட்டத்துக் கதைக்கும் பரிசு கொடுத்தது.

போட்டிகளால் நன்மை உண்டு. மறைந்திருந்த பலர் வெளியே வந்தார்கள். தீமையும் உண்டு. போட்டி அறிவிப்பு வந்தால் மட்டும் எழுதுவது, நடுவருக்குப் பிடித்த மாதிரி எழுதுவது, பரிசு வாங்கியதும் பேனாவை மூடிவிடுவது என்ற பழக்கமும் வளர்ந்தது. ஒரு பரிசுக் கதையோடு நின்றுபோன எழுத்தாளர்களின் பட்டியல் இந்நாட்டில் நீளமானது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்நாட்டில் தமிழ் எழுதிப் பிழைத்தவர்கள் மிகக் குறைவு. ஆசிரியர், வானொலிக்காரர், அரசு ஊழியர், வியாபாரி என்று ஒரு வேலையைக் கையில் வைத்துக்கொண்டுதான் எழுதினார்கள். ரெ. கார்த்திகேசு வானொலி, தொலைக்காட்சியில் பணியாற்றிப் பின்னர் பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தில் தொடர்புத்துறைப் பேராசிரியரானவர். அ. ரெங்கசாமி பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவர். சம்பளத்தைக் கொடுத்த தொழிலின் பெயரை விட்டுவிட்டு, சம்பளம் தராத வேலையின் பெயரால் இவர்கள் நினைவுகூரப்படுகிறார்கள். எழுத்தாளர் என்ற சொல்லின் கனம் அங்கே இருக்கிறது.

சட்டம் கேட்காத கேள்வி

சட்டத்தைக் கேட்டால் வேறு பதில் கிடைக்கும். மலேசியாவின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, இலக்கியப் படைப்பை எழுதியவர்தான் அதன் ஆசிரியர். அவ்வளவுதான்! படைப்பு தரமானதா, எதற்காக எழுதப்பட்டது என்று சட்டம் பார்ப்பதில்லை. சொந்தமாக ஆக்கப் போதிய முயற்சி எடுத்திருக்க வேண்டும், அது எழுத்திலோ வேறு வடிவிலோ பதிவாகியிருக்க வேண்டும். எங்கும் பதிந்து சான்றிதழ் வாங்கினால்தான் உரிமை என்பதும் இல்லை. எழுதியவரின் ஆயுளுக்கும், அவர் மறைந்த பின் 50 ஆண்டுகளுக்கும் அந்த உரிமை நிற்கும்.

அதாவது சட்டத்தின் முன் பவுன் பரிசு வாங்கியவரும், நேற்று முதல் கவிதை எழுதிய மாணவியும் சமம்.

ஆனால் எழுதியவர் வேறு, உரிமையாளர் வேறு ஆகலாம். சம்பளத்துக்கு வேலை செய்யும்போது எழுதியதோ, ஒருவர் கேட்டுப் பணித்து எழுதியதோ, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அதன் பதிப்புரிமை முதலாளிக்கோ எழுதச் சொன்னவருக்கோ போய்விடும். பத்திரிகைக்காரரும் தொலைக்காட்சி நாடகம் எழுதுபவரும் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. உரிமை கைமாறினாலும், எழுதியவர் பெயரை மறைக்காமல் இருப்பதும், அவருடைய மதிப்புக் கெடும்படி படைப்பைச் சிதைக்காமல் இருப்பதும் தனி உரிமையாகச் சட்டத்தில் இருக்கின்றன.

தமிழகத்தில் இது வேறு விதமாக ஒரு முறை தீர்ந்தது. பாரதியார் 1921-இல் மறைந்தார். அவருடைய எழுத்துகளின் உரிமையைத் தனியாரிடமிருந்து பெற்றுப் பொதுச்சொத்தாக்க 1949-இல் சென்னை மாகாண அரசு முன்வந்தது. பாட்டு மக்களுக்குச் சொந்தமானது. பாடியவர் பெயர் பாரதியாருக்கே சொந்தமாக நின்றது. சொத்து வேறு, பெயர் வேறு என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டிய நிகழ்ச்சி தமிழில் குறைவு.

தேசிய இலக்கியத்தின் வாசலில்

சட்டம் எளிதாகக் கொடுத்த பெயரை, பண்பாட்டுக் கொள்கை அவ்வளவு எளிதாகக் கொடுக்கவில்லை. 1971 ஆகஸ்டு மாதம் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தேசியப் பண்பாட்டு மாநாடு நடந்தது. அதைத் தொடர்ந்து வளர்ந்த கருத்தின்படி, தேசிய மொழியான மலாயில் எழுதப்படுவது தேசிய இலக்கியம். தமிழ், சீனம் முதலிய மொழிகளில் எழுதப்படுவது அந்தந்த இனப்பிரிவின் இலக்கியம். ஆங்கிலத்தில் எழுதிய கே. எஸ். மணியம் போன்றோருக்கும் இதே நிலைதான்.

1981-இல் நாட்டின் மிக உயர்ந்த இலக்கிய விருதான தேசிய இலக்கியவாணர் விருது ஏற்படுத்தப்பட்டது. முதலில் அதைப் பெற்றவர் கெரிஸ் மாஸ். அதற்குப் பின் பெற்றவர்களும் மலாய் மொழியில் படைத்தவர்களே. அவர்களுடைய தகுதியில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் சிலாங்கூர் மண்ணில் பிறந்து, லங்காட் ஆற்றங்கரையைப் பற்றி நாவல் எழுதிய ஒருவர் எந்த நாட்டு எழுத்தாளர்? தமிழகத்துக்கு அவர் அயலகத் தமிழர். இங்கே அவர் ஓர் இனப்பிரிவின் எழுத்தாளர்.

பக்கத்தில் சிங்கப்பூரைப் பாருங்கள். அங்கே தமிழ் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று. நாவலாசிரியர் மா. இளங்கண்ணன் 1982-இல் தென்கிழக்காசிய எழுத்தாளர் விருதையும், 2005-இல் நாட்டின் கலாசாரப் பதக்கத்தையும் பெற்றார். பாலத்துக்கு அப்பால் ஒரு தமிழ் எழுத்தாளர் நாட்டின் எழுத்தாளராகவே நிற்க முடிகிறது.

இங்கே சிலர் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். உதயசங்கர் எஸ். பி. மலாய் மொழியிலேயே எழுதி, மலாயில் எழுதும் இந்தியர்களுக்காக 1999-இல் 'காவியன்' குழுவைத் தொடங்கினார். அதுவும் நியாயமான வழிதான். ஆனால் தமிழில் எழுதுவோர் அனைவரும் அந்த வழியில் போக முடியாது. போகவும் வேண்டியதில்லை.

நன்னூலின் இரண்டாவது விதிவிலக்கு இங்கேதான் பொருந்துகிறது. தன் ஆற்றலை அறியாதவர் நடுவே நிற்பவன் தன்னைத் தானே சொல்லிக்கொள்ளலாம். மலேசியத் தமிழ் எழுத்தாளர் அழைப்பிதழில் 'எழுத்தாளர்' என்று போட்டுக்கொள்வதை வெறும் தற்பெருமை என்று சிரித்து ஒதுக்கிவிட முடியாது. வேறு யாரும் சொல்லாத இடத்தில் அவரே சொல்ல வேண்டியிருக்கிறது.

பெயர்களைக் காத்தவர்கள்

கிள்ளானைச் சேர்ந்த முரசு நெடுமாறன் ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியர், கவிஞர். இந்நாட்டில் நூறு ஆண்டுகளில் எழுதப்பட்ட கவிதைகளைத் தேடித் தேடித் திரட்டினார். 1887 முதல் 1987 வரையிலான அந்தத் தொகுப்பு 'மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்' என்ற பெயரில் 1997-இல் நூலாக வந்தது. மா. இராமையா எழுதிய மலேசியத் தமிழ் இலக்கிய வரலாறும் இத்தகைய உழைப்புதான். ஓர் எழுத்தாளர் தன் பெயரை நிலைநாட்டப் பாடுபடுவது இயல்பு. மற்ற எழுத்தாளர்களின் பெயர்களைக் காக்கப் பல ஆண்டுகளைச் செலவிடுவது எத்தனை பேரால் முடியும்?

அவருடைய மகன் முத்து நெடுமாறன் 1985-இல் 'முரசு' என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கினார். கைப்பேசியில் தமிழ் எழுதும் 'செல்லினம்' 2005-இல் வெளியானது. தந்தை பழைய பெயர்களைச் சேகரித்தார். மகன் புதியவர்கள் யார் வேண்டுமானாலும் எழுதும் வழியைத் திறந்தார். இதழாசிரியரின் மேசையைத் தாண்டாமல், கதை வகுப்பில் தேறாமல், ஒருவர் எழுதியதை அன்றைக்கே உலகம் படிக்கும் நிலை வந்துவிட்டது.

ஆனால் இதே காலத்தில் படிப்பவர் கூட்டம் சுருங்கிக்கொண்டு வந்தது. 1957-இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இப்போது ஏறக்குறைய 530. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் செம்பனைக் காடுகளாகவும் மாறின. வட்டமாக உட்கார்ந்து நாளிதழ் கேட்ட கூட்டம் கலைந்தது. கதை வகுப்பு நடத்திய தமிழ் நேசனே 2019-இல் நின்றுபோனது. எழுத்தாளர்கள் தங்கள் சொந்த வெள்ளியைப் போட்டு நூல் அச்சிடுகிறார்கள். வெளியீட்டு விழாவில் முதல் நூல் பெறுபவர் கொடுக்கும் தொகையில் அச்சுக்கூலி தேறினால் நிம்மதி. மீதிப் படிகள் வீட்டு அலமாரியில். விழாவுக்கு வந்தவர்களில் எத்தனை பேர் அந்த நூலைப் படித்து முடித்தார்கள் என்ற கேள்விக்கு மட்டும் மேடையில் இடம் இருப்பதில்லை.

பொறுப்பேற்பவர்

சயாம் மரண ரயில்பாதையில் பல்லாயிரம் தமிழர்கள் மாண்டார்கள். 1942-43-இல் நடந்த அந்தக் கொடுமையில் இறந்த போர்க்கைதிகளுக்குக் கல்லறைகளும் பெயர்ப்பலகைகளும் உண்டு. தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழ்த் தொழிலாளர்களில் பெரும்பாலோருக்கு அது இல்லை. ஆர். சண்முகம் 1993-இல் 'சயாம் மரண ரயில்' நாவலையும், அ. ரெங்கசாமி பின்னர் 'நினைவுச் சின்னம்' நாவலையும் எழுதினார்கள். ரெங்கசாமியின் நாவலுக்கு அந்தத் தலைப்பு அமைந்தது பொருத்தம். கல் வைக்க ஆள் இல்லாதவர்களுக்கு அவர் நூலை வைத்தார். 2014-இல் முதல் வல்லினம் விருது அவருக்கே வழங்கப்பட்டது.

2020 டிசம்பரில் ம. நவீன் எழுதிய 'பேய்ச்சி' நாவலை உள்துறை அமைச்சு தடை செய்தது. அந்த நாவலின் மொழியைப் பற்றி இந்நாட்டுத் தமிழர்களிடையே அதற்கு முன்பே கடும் கருத்து வேறுபாடு இருந்தது. அதை ஆதரித்தவர்கள் உண்டு, வெறுத்தவர்கள் உண்டு. யார் பக்கம் நின்றாலும் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தமிழ் நாவல்கள் யாராலும் கவனிக்கப்படுவதில்லை என்று சொல்லப்பட்ட நாட்டில், ஒரு தமிழ் நாவலுக்காக அரசாங்க ஆணை எழுதப்பட்டது. அதன் அட்டையில் இருந்த பெயருக்கு உரியவர் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

1941-இன் நாதன், கதை வகுப்பில் திருத்து வாங்கியவர்கள், ரெங்கசாமி, நவீன். இவர்களுக்குள் கொள்கை ஒற்றுமை எதுவும் இல்லை. தரமும் காலமும் வேறு வேறு. ஆனால் எழுதியதன் கீழே தன் பெயரைப் போட்டு, அதனால் வருவதை ஏற்றுக்கொள்ள எல்லாரும் தயாராக இருந்தார்கள். ஒருவர் நாட்டைவிட்டுப் போனார், ஒருவர் சிவப்பு மையைத் தாங்கினார், ஒருவர் இறந்தவர்களின் கதையைச் சுமந்தார், ஒருவர் தடையைச் சந்தித்தார். எழுத்தாளர் என்று தன்னைச் சொல்லிக்கொள்வதற்கு இந்த நூறாண்டு வரலாறு கேட்கும் குறைந்தபட்ச விலை இதுதான். அந்த விலையைக் கொடுப்பவருக்குச் சங்க அட்டையும் பவுனும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கொடுக்காதவருக்கு எத்தனை மாலை விழுந்தாலும் அது மேடையோடு முடிந்துவிடும்.

மீதி வேலை வாசகருடையது. பாயிரம் எழுதும் கடமை ஆசிரியர், உடன் கற்றோர், மாணவர், உரைகாரருக்கு உரியது என்றது பழைய இலக்கணம். இன்று அந்த நால்வரின் இடத்திலும் நிற்க வேண்டியவர் நூலை வாங்கிப் படிப்பவர்தான். படித்துவிட்டு நன்றாக இல்லை என்று எழுத்தாளரிடம் சொல்வதும் ஒரு மரியாதையே. படிக்காமல் பொன்னாடை போர்த்துவதைவிட அது பெரிய மரியாதை.

நூல் போடுபவர்கள் செய்ய வேண்டிய சிறு காரியம் ஒன்றும் உண்டு. காலம், களம், காரணம் என்ற மூன்றையும் நூலில் தெளிவாக அச்சிடுங்கள். எந்த ஆண்டு, எந்த ஊர், எதற்காக எழுதியது என்பது இருக்கட்டும். புனைபெயரில் எழுதினால் இயற்பெயரையும் ஓரிடத்தில் குறிப்பிடுங்கள். ஐந்து படிகளைத் தேசிய நூலகத்தில் ஒப்படையுங்கள். 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது பதிப்பாளரின் கடமை. இன்னும் நூறு ஆண்டு கழித்து ஒருவர் மலேசியத் தமிழ் எழுத்தைத் தேடி வருவார். தோட்டத்துப் பாட்டைக் கட்டிய பெண்ணின் பெயர் அவருக்குக் கிடைக்காது. இன்று எழுதுகிறவர்களின் பெயராவது கிடைக்கட்டும்.